சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

2022-இல் என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு விலாசம் கேட்டேன். தெற்கு டகோட்டா மாநிலத்தில் சூ ஃபால்ஸ் என்ற ஊரைச் சொன்னான். "ஒஹையோவிலிருந்து அங்கே போய்விட்டாயா?" என்றேன். "இல்லை அண்ணா, அந்த ஊரில் நான் ஒரே ஒரு ராத்திரிதான் இருந்தேன்" என்றான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, அவனும் அவன் மனைவியும் வண்டியில் குடியேறிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு நீண்ட சுற்றுலா என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்தவன், "நீங்களும் அண்ணியும் வந்து இருந்து பாருங்கள்" என்று கூப்பிட்டான். 2023 ஜனவரி முதல் மார்ச் வரை நாங்கள் அந்த வண்டியில் குடித்தனம் செய்தோம். பெரும்பகுதி அரிசோனா பாலைவனத்தில். அங்கே கண்டதையும் கேட்டதையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று இதை எழுதுகிறேன்.

கேரவன் என்றால் நம்மவர்களுக்கு சினிமா நட்சத்திரம் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் இதற்கு ஆர்.வி. என்று பெயர். எஞ்சினும் வீடும் ஒன்றாகவே இருப்பது ஒரு வகை. கொக்கி மாட்டி இழுத்துப் போவது இன்னொரு வகை. என் தம்பியுடையது 34 அடி நீளம், 'ஐந்தாம் சக்கரம்' என்று சொல்லும் வகை. பிக்கப் லாரியின் பின்தட்டில் ஒரு இரும்புத் தட்டைப் பொருத்தி, அதன் மேல் வீட்டின் மூக்கைப் பூட்டுவார்கள். நிறுத்தியபின் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் சோபாவோடு வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி, "நம்ம மாட்டுங்கா பிளாட்டுக்கு இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்" என்றாள்.

ஆனால் இரண்டு நாளிலேயே எங்களுக்கு ஒன்று புரிந்தது. வீடு என்பது பல காரியங்களை நம் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, கழிவு எங்கேயோ போகிறது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. வண்டி வீட்டில் எல்லாமே நம் கையில்.

முதலில் தண்ணீர். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளியல், பாத்திரம் கழுவிய நீருக்கு 'சாம்பல்' தொட்டி. கழிவறைக்குக் 'கறுப்பு'த் தொட்டி. நல்ல தண்ணீர்த் தொட்டி 60 காலன், அதாவது ஏறக்குறைய 225 லிட்டர். குழாய் இணைப்பு இல்லாத பாலைவனத்தில் நான்கு பேர் அதை ஆறு நாள் ஓட்ட வேண்டும். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல். குளியல் எப்படியென்றால் உடம்பை நனைத்துக் குழாயை மூடு, சோப்புப் போடு, பிறகு திறந்து அலம்பு, அவ்வளவுதான். மும்பையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து பழகிய என் மனைவி இதில் சுலபமாகத் தேறிவிட்டாள். நான்தான் திட்டு வாங்கினேன்.

தொட்டி நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய்க் காலி செய்ய வேண்டும். கையுறை போட்டு, தடித்த குழாயை மாட்டி, முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் அன்றைக்குக் குழாய் நாறும். சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் நின்றாலும் கறுப்புத் தொட்டியின் அடைப்பை மூடியே வைக்க வேண்டும். புதிதாய் வருகிறவர்கள் திறந்து வைத்துவிடுவார்கள். நீர் மட்டும் வடிந்து, கெட்டியானது உள்ளே காய்ந்து கோபுரமாக நின்றுவிடும். பிறகு என்ன செய்வது என்று நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்த என் தம்பி இதை முகம் சுளிக்காமல் செய்கிறான். நம் ஊரில் இந்த வேலையை நாம் யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்று அன்று எனக்கு உறைத்தது.

மின்சாரமும் கணக்குத்தான். முகாம்களில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை இணைப்பு. அங்கே 120 வோல்ட். ஆகவே 30 ஆம்பியரில் அதிகபட்சம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் தண்ணீர்க் கெட்டிலையும் போட்டால் பட்டென்று விழுந்துவிடும். பாலைவனத்தில் அதுவும் இல்லை. கூரை மேல் சூரியத் தகடு, கீழே பாட்டரி. சட்னி அரைப்பதென்றால் வெயில் ஏறிய பிறகுதான்.

குளிர்சாதனப் பெட்டி விசித்திரமானது. காஸ் தீயில் ஓடுகிறது! தீயால் எப்படிக் குளிரும் என்று கேட்டேன். நீரில் கரைந்த அம்மோனியாவைச் சுடர் சூடாக்கிப் பிரிக்கிறது. அது குளிர்ந்து திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மோட்டார் கிடையாது, புவியீர்ப்பில் இறங்கி ஓடவேண்டும். அதனால் வண்டி சரிந்து நின்றால் அது கெட்டுவிடும். வந்து நின்றதும் இவர்கள் முதலில் பார்ப்பது ரசமட்டம்தான். (இட்லி மாவு மட்டும் பாலைவனக் குளிரில் புளிக்க மறுத்தது. ஹீட்டர் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் போர்வை சுற்றி வைத்துப் பொங்க வைத்தாள் தம்பி மனைவி. கடுகு தாளித்தால் புகை மணி அலறும். அதற்குத் தீர்வு அடுப்பை வெளியே எடுத்துப் போவதுதான்.)

பயணத்துக்கு அவர்களிடையே ஒரு விதி உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்து, நிறுத்திய இடத்தில் 3 இரவு தங்கு. உண்மையில் இவர்கள் ஓடுவது குறைவு, நிற்பதே அதிகம். கோடையில் வடக்கு, குளிரில் தெற்கு.

நாங்கள் அதிகம் இருந்தது குவார்ட்ஸைட். வழக்கமாகச் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். ஜனவரியில் சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் வண்டிகளாக இருக்கும். அது மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான நிலம். சாதாரண அரசு நிலத்தில் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்க முடியாது. இப்படி வருகிறவர்களுக்காகவே 1983-இல் நீண்டகாலத் தங்குமிடங்களை ஒதுக்கினார்கள். கட்டணம் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். அந்த ஊர் இடுகாட்டில் கூம்பு வடிவில் ஒரு கல்லறை, உச்சியில் செம்பு ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றோடு வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயர் உள்ளூர் வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது! 1902-இல் இறந்தார். ஊர் விட்டு ஊர் போனவர்களின் பெயர் படும் பாடு நமக்குத் தெரியாததா?

வண்டியே வீடாக இருந்தது நமக்கும் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களான உமணரின் வண்டி வருகிறது. கோழிக்கூடு, உரல், காடி வைத்த பாண்டம் எல்லாம் வண்டியிலேயே. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள்.

குவார்ட்ஸைட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். என் தம்பி ஆசைப்பட்டு வந்தவன், ஓய்வூதியம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சின்ன வேனில் இருந்த அம்மாள், 2008 நிதி நெருக்கடியில் வீட்டை இழந்தவர். எழுபதைத் தாண்டியவர், அக்டோபரில் வடக்கு டகோட்டாப் பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குக் கூலி வேலைக்குப் போய் வந்திருந்தார். இத்தகையவர்களோடு பழகி ஜெசிகா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமட்லேண்ட்' என்ற நூல்தான் பிறகு படமாகி 2021-இல் ஆஸ்கர் வாங்கியது. அமேசான் கிடங்குகள் பண்டிகைக் காலத்தில் இவர்களை வேலைக்கு எடுக்க ஒரு தனித் திட்டமே வைத்திருந்தன. இப்போது அது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த அம்மாள் வண்டிக்கும் தம்பி வண்டிக்கும் நீளம்தான் வித்தியாசம். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒருவர் நினைத்தால் நிறுத்தலாம், மற்றவர் நிறுத்த முடியாது.

இனி அந்த 'ஒரு ராத்திரி'க்கு வருகிறேன். அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு மாநிலத்தின் குடியாக இருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகிறவன் எந்த மாநிலத்துக்காரன்? பெரும்பாலோர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தெற்கு டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதும், தபாலை வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் விலாசமும் காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடும். வாக்குரிமைக்கு மட்டும் 2023-இல் விதியை இறுக்கிவிட்டார்கள். "இது சும்மா காகிதத்தில் இருக்கிற ஊர்தானே?" என்றேன் தம்பியிடம். "நீங்கள் மும்பையில் 38 வருஷம் இருந்தும், சொந்த ஊர் என்று கேட்கிற இடத்தில் என்ன எழுதுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே எங்களுக்கு இப்போது வீடு இல்லை. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

வாயடைத்துவிட்டதே தவிர என் கவலை போகவில்லை. வீடாவது விலை ஏறும். வண்டி வருஷா வருஷம் விலை இறங்கும். தம்பி மனைவிக்கு முழங்கால் வலி. வண்டிக்கு ஏற நான்கு படி, படுக்கையறைக்கு இன்னும் மூன்று. பல் வைத்தியம் விலை கட்டுபடியாகாமல், பலரைப் போல யூமாவைத் தாண்டி மெக்சிகோவின் லாஸ் அல்கோதோனெஸ் ஊருக்குப் போய்ச் செய்துகொண்டார்கள். பல்லுக்குச் சரி, இடுப்பு முறிந்தால்? "எப்போது நிறுத்துவாய்?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். இந்தக் கேள்வி அவர்களுக்கும் புதிதல்ல. 1978-இல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் இருக்கிறது. தள்ளாமை வந்த உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் துணையும் பெற அங்கே 1990-களில் ஒரு பராமரிப்பு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். தம்பி அதைச் சொன்னான். அவன் மனைவி, "எனக்கு லிவிங்ஸ்டனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். படி இல்லாத ஒரு தரை வீடு போதும்" என்றாள். அவன் பதில் சொல்லாமல் ரசமட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

பிப்ரவரி கடைசியில் தபால் கட்டு ஒன்று சூ ஃபால்ஸிலிருந்து குவார்ட்ஸைட் தபாலாபீசுக்கு வந்தது. அதற்குள் என் கையெழுத்தில் விலாசம் எழுதிய கல்யாணப் பத்திரிகை! கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பி மனைவி மஞ்சள் தடவிய அந்த உறையைப் பிரித்து, பத்திரிகையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். மறுநாள் தொட்டியைக் காலி செய்ய வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது. ஓடும்போது விழுந்துவிடுமே என்று தம்பி அதை எடுத்து, வண்டியின் பதிவுக் காகிதங்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்தான்.