விண்கலங்களும் தொன்மைச் சின்னங்களே

அரபு மொழியில் 'அஸர்' என்னும் சொல் காலடித் தடத்தைக் குறிக்கும். அதன் பன்மையாகிய 'ஆஸார்' முன்னோர் விட்டுச்சென்ற சின்னங்களையும் குறிக்கும். தொல்லியலுக்கு அரபியர் இட்ட பெயர் 'இல்முல் ஆஸார்'. டில்லியின் பழங்கட்டடங்களை ஆராய்ந்து 1847இல் வெளியிட்ட தம் நூலுக்கு ஸர் ஸையித் அஹ்மத் கான் 'ஆஸாருஸ் ஸனாதீத்' எனப் பெயர் சூட்டினார். மண்ணில் பதிந்த தடங்களைச் சுட்டிய இச்சொல்லில், மனிதன் விண்ணில் பதித்த தடங்களும் அடங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

நாம் வாழும் அரூர் வட்டாரம் நடுகற்கள் மலிந்தது. ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்த வீரர்களின் நினைவாக எழுந்த இக்கற்களில் சில நட்ட இடத்திலேயே நிற்கின்றன. சில தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ளன. எங்கு வைத்துக் காப்பினும், 'இது இன்னது, இன்ன காலத்தது' என அறிந்து பதிவு செய்தலே முதற்பணி. பதிவாகாத கல் துணி துவைக்கும் கல்லாகிவிடும். விண்கலங்களுக்கும் இந்நியதி பொருந்தும்.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1, 2009 ஆகஸ்டில் தொடர்பிழந்தது. நிலவின் ஈர்ப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதால், கலத்தின் பாதையும் மாறிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பக்கமுள்ள அப்பெட்டியை, 3,80,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ராடார் அலைகளைச் செலுத்தி அமெரிக்க அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். 2017இல் அச்செய்தி வெளியாயிற்று. பேச்சிழந்த கலம் நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது!

ஆரியபட்டாவின் கதை வேறு. பெங்களூர் பீனியாவின் தொழிற்கூடங்களில் உருவான 360 கிலோ எடையுள்ள அச்செயற்கைக்கோள், 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது. 1992இல் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. அதன் உருவம் நம் இரண்டு ரூபாய்த் தாளில் இடம்பெற்றிருந்தது. இனி அதன் வரலாற்றுக்குச் சான்றாவன தரையில் எஞ்சியுள்ள வரைபடங்களும், சோதனைக் குறிப்புகளும், மாதிரிகளுமே.

இவற்றைக் காக்கச் சட்டம் உண்டா? நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்கு 100 ஆண்டும், ஆவணத்திற்கு 75 ஆண்டும் நிறைய வேண்டும். அவ்வாறாயின் 1975இன் ஏடுகள் 2050 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கரையான் காத்திருக்குமா? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, கலத்தின் உரிமை அதனைப் பதிவு செய்த நாட்டிடமே நீடிக்கும் என்கிறது. மரபுச் சின்னம் என்னும் கருத்து அதில் இல்லை. 2023இல் இந்தியா கையொப்பமிட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில்தான் விண்வெளி மரபைக் காப்பதற்கென ஒரு பிரிவு உள்ளது.

வானில் உள்ள யாவற்றையும் அவ்வாறே விட்டுவைக்க வேண்டும் என்பதன்று நம் வாதம். பூமியைச் சுற்றும் கழிவுகள் இயங்கும் கோள்களுக்கு ஆபத்தானவை. அவற்றை அகற்றத்தான் வேண்டும். ஆனால் 1958 முதல் சுற்றிவரும் வேன்கார்டு-1, விண்ணில் எஞ்சியுள்ள மனிதப் படைப்புகளில் மிகப் பழையது. அதனையும் உடைந்த உலோகத் துண்டையும் ஒன்றாக எண்ணலாமா? துடைப்பத்தைக் கையிலெடுக்கும் முன் பட்டியலைக் கையிலெடுப்பதே அறிவுடைமை.

அப்பட்டியலில் தரையில் இருப்பவற்றையும் சேர்க்க வேண்டும். தும்பாவில் ஏவுதள அலுவலகமாய் விளங்கிய மகதலேனா மரியாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாய்த் திகழ்கிறது. பீனியாவின் கூடங்களும், அங்கு உழைத்தோரின் நினைவுகளும் அத்தகைய மதிப்புக்கு உரியனவே. முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் தலைமுறையின் கடமை.