எண்ணெயில் நஞ்சு எவ்வளவு? எக்செல் சொல்லும் கணக்கு

2021 மார்ச்சில், வீடுகள் புத்தாண்டுப் பலகாரத்துக்கு ஆயத்தமான வேளையில், இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் இருக்கிறது என்ற செய்தி இலங்கையையே பதறவைத்தது. ஈரம் பிடித்த சரக்கில் வளரும் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சு இது. ஈரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எண்ணெய், கச்சான், செத்தல் மிளகாய் என்று புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கைமாறும் பல சரக்குகளை இது பற்றும். கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. கிலோவுக்கு சில மைக்ரோகிராம் இருந்தாலே கவலைதான்.

இவ்வளவு சிறிய அளவை ஆய்வுகூடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புறஊதா ஒளி பட்டால் அஃப்லடொக்சின் ஒளிரும். கருவி அந்த ஒளிர்வை ஓர் எண்ணாகத் தரும். ஆனால் அந்த எண் நஞ்சின் அளவு அல்ல. அதனால் அளவு தெரிந்த கரைசல்களை முதலில் அளக்கிறார்கள். உதாரணமாக, மில்லிலீற்றருக்கு 2, 4, 6, 8, 10 நனோகிராம் உள்ள கரைசல்கள் முறையே 27.4, 50.6, 75.3, 98.7, 123.2 என்ற எண்களைத் தந்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றை எக்செல் விரிதாளில் இரண்டு நிரல்களாக இட்டு வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். இதுவே அளவுத்திருத்த வளையி.

எக்செலின் ‘ஸ்லோப்’ சார்பு, கோட்டின் படித்திறன் 11.985 என்று சொல்லும். ‘இன்டர்செப்ட்’ வெட்டுத்துண்டு 3.13 என்று சொல்லும். எண்ணெய் மாதிரியின் எண் 87 என்றால், அதிலிருந்து 3.13ஐக் கழித்து 11.985ஆல் வகுக்க வேண்டும். விடை மில்லிலீற்றருக்கு 7 நனோகிராம். இது கரைசலில் உள்ள அளவு. எவ்வளவு எண்ணெயிலிருந்து அக்கரைசல் எடுக்கப்பட்டது, எத்தனை மடங்கு ஐதாக்கப்பட்டது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் கிலோவுக்கான அளவு வரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மாதிரியின் எண் 400 என்று வந்தாலும் எக்செல் தயங்காமல் 33 என்று விடை தரும். அந்த விடையை நம்ப முடியாது. 10க்கு மேல் எந்தக் கரைசலும் அளக்கப்படவில்லை. அதற்கப்பால் கோடு வளைந்துபோகலாம். மாதிரியை ஐதாக்கி, மீண்டும் அளப்பதே முறை. புள்ளிகள் கோட்டோடு 0.999 அளவுக்கு (1 என்றால் முழுப் பொருத்தம்) பொருந்தினாலும் இந்த விதி மாறாது.

ஆகவே ஆய்வறிக்கையைக் கையில் வாங்கும் வியாபாரியும் நுகர்வோரும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இந்த எண், அளந்து பார்த்த எல்லைக்குள் வந்ததா?