வலையமைப்புச் சோதனை நிரல்களில் பின்னணிச் செயல்முறைகளை முறையாக நிறுத்துதல்

வலையமைப்பைச் சோதிக்கும் நிரல் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. தரவைப் பெறும் நிரல் ஒன்றைப் பின்னணியில் தொடங்கி, முன்னணியில் மற்றொன்றால் தரவை அனுப்பி, வந்து சேர்ந்ததை ஒப்பிடுவதே அதன் வழக்கம். லினக்ஸ் கருனியோடு வெளிவரும் சோதனைத் தொகுதி சாக்கேட் கருவியை இவ்வாறு பயன்படுத்துகிறது. சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2020இல் அறிமுகமான நெஸ்ட் என்னும் பைத்தான் தொகுதியும் ஒரே கணினிக்குள் வலையமைப்புப் பெயர்வெளிகளை அமைத்து, நெட்பெர்ஃப், பிங் போன்றவற்றை அவற்றுள் இயக்குகிறது.

பின்னணிச் செயல்முறையை முடிக்க இரண்டு வழிகள் உள. முன்னணி வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிடலாம். அல்லது அது தானாக முடியும்வரை காத்திருக்கலாம். கடைசிப் பொதிகள் இன்னும் படிக்கப்படாமல் இருக்கக்கூடும் என்பதால், பெறும் நிரலைப் பொறுத்தவரை காத்திருப்பதே பொருத்தம். ஆயினும் சிக்கலும் இங்கேதான் தோன்றுகிறது. அனுப்பும் நிரல் தோல்வியுற்றால் பெறும் நிரலுக்கு எதுவும் வந்து சேராது. அது முடியவும் முடியாது. பைத்தானில் விதிவிலக்கு எழுந்து ‘வித்’ தொகுதியைவிட்டு வெளியேறும் நிலையில், வெளியேற்றச் செயற்கூறு அந்த நிரலுக்காகவே காத்து நிற்கும். இறுதியில் சோதனை இயக்கி கால வரம்பு கடந்ததென்று அனைத்தையும் முடித்துவிடும். வழித்தடம் இல்லாமை போன்ற உண்மைக் காரணம் அச்சாகாமலே போக, அறிக்கையில் ‘நேரம் கடந்தது’ என்பது மட்டுமே எஞ்சும். ஆய்வாளரைத் தவறான திசையில் தேடவைப்பது இதுவே.

தீர்வு மிகச் சிறியது. வெளியேற்றச் செயற்கூறுக்கு விதிவிலக்கின் வகையைப் பைத்தான் முதல் அளபுருவாகத் தருகிறது. அது வெறுமையாயின் காத்திருத்தல். இல்லையேல் உடனே நிறுத்துதல். ஒவ்வொரு காத்திருப்புக்கும் குறுகிய கால வரம்பு விதிப்பது இதற்கு ஈடாகாது. மெதுவான கணினியில் சரியான சோதனையும் அதனால் தோற்கும்.

நிறுத்தும்போது முதலில் 15ஆம் எண் சிக்னலை அனுப்பி, அதற்கு இணங்காவிடில் மட்டுமே 9ஆம் எண்ணை நாட வேண்டும். அதன்பின் முடிவுநிலையைப் பெற்றுக்கொள்ளாவிடில், இறந்த செயல்முறையின் பதிவு பட்டியலில் தங்கிவிடும். அம்முடிவுநிலை பைத்தானில் -15 எனவும் ஷெல்லில் 143 எனவும் வரும். சோதனை நிரலே வருவித்த இந்த எண்ணைப் புதிய தோல்வியாகக் கருதினால் மூலப்பிழை மீண்டும் மறையும்.

ஷெல் வழியாகத் தொடங்கிய நிரலில் கூடுதல் கவனம் தேவை. கையிலுள்ள அடையாள எண் ஷெல்லுக்குரியதாயின், அதை மட்டும் நிறுத்தினால் அதன் சேய்ச் செயல்முறை தொடர்ந்து ஓடும். தனிக் குழுவாகத் தொடங்கிக் குழு முழுமைக்கும் சிக்னல் அனுப்புவது பாதுகாப்பானது.

பெயர்வெளியை நீக்கினால் எல்லாம் நீங்கிவிடும் என்ற எண்ணமும் பிழையே. நீக்கப்படுவது பெயர் மட்டும்; உள்ளே ஒரு செயல்முறை உயிரோடிருக்கும்வரை பெயர்வெளி நிலைத்திருக்கும், அதனுள் உள்ள மெய்நிகர் இடைமுகமும் அதன் வெளி முனையும் அழியா. அடுத்த சோதனை அதே பெயரில் இடைமுகத்தை உருவாக்க முயலும்போது, அப்பெயர் ஏற்கெனவே உள்ளது என்ற பிழை எழும். ஆகவே செயல்முறைகளை முதலிலும் பெயர்வெளியைப் பின்னரும் நீக்குவதே உரிய வரிசை.