நெல்லைத் தேடும் நீலபர்வதா

நெற்பயிரின் அடித்தூரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நாம் உற்றுநோக்கினால், அரிசிமணியிலுஞ் சிறிய பூச்சிகள் தண்டைப் பற்றியிருப்பதைச் சிலவேளை காணலாம். நம் கமக்காரர் அறக்கொட்டி எனவும், தமிழகத்தார் புகையான் எனவும் கூறி அஞ்சும் கபில நிறத் தத்தி இதுவே. இவை கூட்டமாகச் சேர்ந்து சாற்றை உறிஞ்சினால், பச்சைப்பசேலென்றிருந்த வயல் சில நாட்களுள் தீய்ந்தாற்போல வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும்.

பூச்சிநூலார் இதனை நீலபர்வதா என்னுஞ் சாதியிற் சேர்ப்பர். நீலமலை என்று பொருள்படும் இவ்வடமொழிப் பெயரை 1906 இல் வழங்கியவர் டிஸ்ரன்ற் என்னும் ஆங்கிலேய அறிஞர். இலங்கையிற் கிடைத்த பூச்சியொன்றே அதற்கு ஆதாரமாயிற்று. அது, 1854 இலேயே வேறு பெயரில் விவரிக்கப்பட்ட கபில நிறத் தத்திதான் என்பது பின்னர் புலனாயிற்று.

இச்சாதியின் இனங்கள் ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிற் பரந்துள்ளன. ஆசியாவிலுள்ள வேறிரண்டு இனங்கள் நீரோரத்துக் காட்டுப்புல்லை உண்டு வாழ்கின்றன. கபில நிறத் தத்தியோ நெல்லையே நம்பியிருப்பது. ஆகவே நாம் நெல் விளைக்கும் இடமே அதன் நாடு. இந்தியா தொட்டு யப்பான் வரையும், தெற்கே அவுஸ்திரேலியா வரையும் அது காணப்படுகிறது.

யப்பானின் குளிர்காலத்தை அது தாங்காது. ஆயினும் ஆண்டுதோறும் அங்கு தோன்றுவதெப்படி? பயிர் முதிர்ந்து நெருக்கம் மிகும்போது, குறுஞ்சிறகுப் பூச்சிகளின் வழியில் நெடுஞ்சிறகுப் பூச்சிகள் பிறக்கும். அவை காற்றிலேறிச் சீனத்திலிருந்து கடலைக் கடக்கின்றன. 1967 இல், யப்பானுக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தொலைவில் நின்ற வானிலைக் கப்பலொன்றில் தத்திகள் திரளாக வந்திறங்கின. 1732 இல் மேற்கு யப்பானிற் பெரும் பஞ்சம் விளைந்ததற்கும் தத்திகளே முக்கிய காரணம்.

இத்தகைய பகையை நஞ்சினால் ஒழித்துவிடலாமென எண்ணுவது இயல்பே. ஆனால், தெளித்த நஞ்சு தத்தியைத் தின்னுஞ் சிலந்திகளையும் கொன்றது. தண்டினுள் இருந்த தத்தி முட்டைகளோ தப்பிப் பொரித்தன. எதிரியற்ற வயலில் தத்தி முன்னிலும் பெருகிற்று. இதனை உணர்ந்தே இந்தோனேசியா 1986 இல், 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்வயலில் தடைசெய்தது.

பயிரை மிக நெருக்கி நடுவதும், யூரியாவை அளவின்றி இடுவதும் தத்திக்கு நாமே விருந்து வைப்பதாகும். பயிரிடையே சிலந்தி ஓடக் கண்டால் அதனை நசுக்காது விடுவோமாக. கூலி கேளாது நம் வயலைக் காக்குங் காவலாள் அதுவன்றோ!