மலையேறும் நீராவி

நெல்லையிலிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு மலையேறும் ரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையிலுள்ள பதிமூணு கண் பாலத்தில் அன்று புகை கக்கிப்போன நீராவி என்ஜின்களை இப்போது அங்கே பார்க்க முடியாது. ஆனால் நம் மாநிலத்திலேயே நீராவி என்ஜின்கள் இன்னும் உழைக்கும் இடம் ஒன்று உண்டு. குன்னூர் லோகோ ஷெட்!

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை என்ஜின்களைப் பராமரிப்பது இங்கேதான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த வடிவம் அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால் என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. மொத்தம் நான்கு சிலிண்டர்கள். முதல் இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கு அனுப்புவார்கள். அது பல்சக்கரங்களைச் சுழற்ற, தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டு வண்டி ஏறும். சிக்கனத்தில் நம்ம ஊர் ஆச்சிகளே தோற்றுப்போவார்கள்!

உதிரிபாகம் கடையிலா கிடைக்கும்? திருச்சி பொன்மலைப் பணிமனைதான் கைகொடுக்கிறது. முழு என்ஜினையே அங்கே புதிதாகக் கட்டுகிறார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது.

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால் குன்னூர் வரை நீராவி. அதற்கு மேல் ஊட்டிக்கு டீசல்தான்.