வெளுத்த துணியும் மாசுபடும் நீரும்

உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆனால், உடையிலிருந்து நீங்கிய அழுக்கு எங்கே போகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சலவை இயந்திரம் வெளியேற்றும் நீரில் அழுக்கோடு இன்னொன்றும் கலந்து செல்கிறது. அதுவே பிளாஸ்டிக் நுண்ணிழை.

பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவை பிளாஸ்டிக் இழைகளே. புர்கா, துப்பட்டா, குழந்தைகளின் பெருநாள் உடை, தொழுகை விரிப்பு எனப் பலவும் இன்று இவற்றால் நெய்யப்படுகின்றன. இயந்திரத்தில் இவை உரசிச் சுழலும்போது முடியினும் மெல்லிய துணுக்குகள் உதிர்கின்றன. 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறத்தாழ 5 இலட்சம் இழைகளும், அக்ரிலிக் துணியாயின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளும் வெளியேறக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் மதிப்பிட்டது.

பருத்தி இழை காலப்போக்கில் மக்கிவிடும். பிளாஸ்டிக் இழை எளிதில் மக்காது. அது சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைகிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் என நம்மவர் நிறைந்து வாழும் ஊர்கள் பல கடலோரத்தில் உள்ளன. அக்கடல் தரும் மீனும் உப்பும் நம் உணவாகின்றன. தூத்துக்குடி உப்பில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை 2020இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

ஒரு சிற்றூரின் முயற்சி

கனடா நாட்டின் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில் 97 வீடுகளின் சலவை இயந்திரங்களில் வடிகட்டி பொருத்தினர். அவை அவ்வூர்க் கழிவுநீர் நிலையத்தோடு இணைந்த வீடுகளில் பத்தில் ஒரு பங்கே. எனினும் அந்நிலையம் வெளியேற்றிய நீரில் இழைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

வீட்டிலேயே செய்யலாம்

வடிகட்டித் துணி விற்கும் கடைகளில் 100 மெஷ் நைலான் வலைத்துணி கிடைக்கும். அதன் கண் சுமார் 150 மைக்ரான் அளவுடையது. இழை அதைவிட மெல்லியதாயினும் நீளமானது, ஆகவே சிக்கிக்கொள்ளும். சிக்கிய பஞ்சே பின்னர் சல்லடையாகி மேலும் பல இழைகளைத் தடுக்கும்.

இத்துணியை அகன்ற பையாகத் தைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இட்டு, பையை உள்ளே தொங்கவிட்டு, அதன் வாயை வாளியின் விளிம்பில் கட்டுங்கள். குளியலறை வடிகாலருகே செங்கல் மீது வாளியை வைத்தால், நிரம்பி வழியும் நீரும் வடிகாலிலேயே இறங்கும்.

தானியங்கி இயந்திரமாயின், வெளியேற்றும் குழாயை முன்பிருந்த உயரத்திலிருந்து தாழ்த்தக் கூடாது. அதன் நுனி நீரில் மூழ்கவும் கூடாது. தவறினால் இயந்திரத்து நீர் தானாகவே வடிந்துவிடும். தரையோடு நீரை விடும் இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்கு வாளி பொருந்தாது. ஒரு முழ நீளப் பையைக் குழாய் நுனியில் கட்டினாலே போதும். பை அடைத்துக்கொண்டு நீர் தேங்குமானால் உடனே கழற்றிவிடுங்கள்.

பையைக் குழாயடியில் கழுவாதீர்!

பிடித்ததை மீண்டும் சாக்கடையில் விடுவதானால் இத்தனை உழைப்பும் வீணே. பையை நிழலில் உலரவிட்டு, படிந்த பஞ்சை மெல்ல உரித்தெடுத்து, உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். எரிக்க வேண்டாம், செடிகளுக்கும் இட வேண்டாம்.

இவ்வடிகட்டி எல்லா இழைகளையும் பிடித்துவிடாது. ஆகவே இயந்திரம் நிறையத் துணி சேர்த்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் துவைப்பதும் அவசியம். உதிர்வதே அதனால் குறையும்.

தேங்கி நிற்கும் நீரை அசுத்தப்படுத்துவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையென்றும் கற்பித்தார்கள். நம் உடையைத் தூய்மையாக்கும் செயல் பிறர் புழங்கும் நீரைக் கெடுப்பதாக அமையலாகாது. சகோதரிகளே, அடுத்த சலவைக்கு முன் ஒரு பை தைத்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அதில் சேரும் பஞ்சே மற்றதை உங்களுக்குச் சொல்லும்.