கருவி மீளத் தொடங்குமுன்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் தேயிலை ஸ்டோரிலே கொழுந்து அரைக்கும் இயந்திரம் இடையில் நின்றுவிடின், உள்ளே தங்கியதை எடாது மீண்டும் இயக்குதல் அறிவாகாது. கணினி பயிலும் எம் மாணவர்க்கும் இதனையே கூற விழைகின்றோம்.

1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னலிலே, கருவிகளை ஆளும் நிரல்கள் டிரைவர் எனப்படும். டிரைவர் நினைவகம் முதலியவற்றை ஒவ்வொன்றாகப் பெறும். இடையே பிழை நேரின், பெற்றவற்றை மட்டும், இறுதியிற் பெற்றதை முதலாகக் கொண்டு விடுத்தல் வேண்டும். கருவியை மீட்டமைக்குமுன், புதுப்பணியை மறித்து, கருவியை அடக்கி, நிலுவைக் கோரிக்கைகளுக்குப் பிழையென விடையிறுத்தல் முறை. அன்றேல், விடுத்த நினைவகத்திலே கருவி எழுதிவிட, கணினி முழுவதும் நிலைகுலையக்கூடும்.

2007 முதல் விடுவிப்பைத் தானே செய்யும் ஏற்பாடும் லினக்சில் உண்டு. ஆயினும், ஒழுங்கறிந்தார்க்கே அது துணையாம் என்க.